பூட்டுக் கோப்புக்குப் பிரிவுபசாரம்

சிகிச்சை அனுமதி வாரியத்தில் அவளை எல்லோரும் கமாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சர்வருக்குக் கட்டளைகள் அடிப்பது அவள் வேலை. மற்றபடி அவள் யாருக்கும் கட்டளையிட்டதில்லை. சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்று டீ கொண்டுவருபவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாகு குடித்துக்கொண்டிருந்தாள்.

வாரியத்தின் வேலை எளிமையானது. எந்த ஆஸ்பத்திரியில் யார் உடம்பில் கத்தி படுவதாக இருந்தாலும் முதலில் வாரியம் ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் வராமல் அறுத்தால் செலவு ஆஸ்பத்திரியின் தலையில் விடியும் என்பதால் எந்த ஆஸ்பத்திரியும் அறுப்பதில்லை. அந்த எண்ணை முன்பெல்லாம் ஐந்து மேசைகள் சேர்ந்து கொடுத்தன. இப்போது சர்வர் ஒன்றே கொடுக்கிறது. ஐந்து மேசைகளும் அப்படியே இருக்கின்றன. சர்வர் கொடுப்பதை அவை மேற்பார்வை பார்க்கின்றன.

அன்று காலை சர்வர் எண் கொடுக்கவில்லை.

அதே காலை, இரண்டு தெரு தள்ளி, பொது ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் கமாண்டின் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்தாள். பித்தப்பையில் கல். ராத்திரியில் வலி வந்தால் அம்மா சுவரைப் பிடித்தபடி குந்தி உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் வாயு என்பாள். கல்லை எடுக்கத் தெரிந்த டாக்டர் மாதத்துக்கு ஒருமுறைதான் இந்த ஊருக்கு வருவார். சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார். அன்று வந்திருந்தார். அம்மா தயார், கத்தி தயார், எண்தான் பாக்கி.

கமாண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சர்வரைத் தொடங்கும் கட்டளையை அடித்தாள்.

‘சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றது திரை.

சரி, ஓடுவதை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று நிறுத்தும் கட்டளையை அடித்தாள்.

‘சர்வர் ஓடவில்லை. ஓடாததை நிறுத்த முடியாது.’

அப்படியானால் என்னதான் நிலைமை என்று கேட்கும் கட்டளையை அடித்தாள். அது வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்றது. வாரியத்தில் இருந்து இருந்து கருவிக்கும் வாரியத்தின் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

துருவிப் பார்த்ததில் காரணம் அகப்பட்டது. சர்வர் விழித்தெழுந்ததும் முதல் காரியமாக ஒரு சின்னக் கோப்பை எழுதி வைக்கும். பூட்டுக் கோப்பு என்று அதற்குப் பெயர். ‘நான் உள்ளே இருக்கிறேன், இன்னொருவர் வர வேண்டாம்’ என்று பொருள். ஒழுங்காகப் போகிற நாளில் அதை அழித்துவிட்டுப் போகும். முந்தின இரவு மின்சாரம் கண் சிமிட்டியதில் சர்வர் சொல்லிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. கோப்பு மட்டும் தங்கிவிட்டது. தொடங்கும் கட்டளை கோப்பைப் பார்த்து, ஓடுகிறது என்கிறது. நிறுத்தும் கட்டளை ஆளைத் தேடி, இல்லை என்கிறது. இரண்டும் கண்டதைத்தான் சொல்கின்றன.

பூட்டுக் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்கினால் தீர்ந்தது. கல்லூரியில் இதை மூக்கைச் சொறிந்துகொண்டே செய்திருக்கிறாள். ஆனால் இங்கே சர்வரின் ஃபோல்டரில் எதைத் தொடுவதானாலும் இயக்குநரின் கடவுச்சொல் வேண்டும். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், ‘இடம் போதவில்லை’ என்று சர்வர் சொன்னதை நம்பி, இயக்குநர் அதில் சேர்த்து வைத்திருந்த சுற்றுலாப் படங்களை அழித்துவிட்டார். அன்று வந்த ஏற்பாடு. அந்த மனிதர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் மேற்பார்வையாளர் மேடத்திடம் போனாள். மேடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பொதுமக்கள் தன்னைப் பார்க்க முடியாதபடி செடித்தொட்டிகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மேடம், சர்வர் செத்துப்போச்சு.”

“காலங்காத்தால என்ன பேச்சு இது? செத்துப்போச்சுன்னெல்லாம் சொல்லக்கூடாது. ஓடலன்னு சொல்லு.”

“ஓடல மேடம்.”

“யாரு சொன்னா?”

“நிறுத்தற கட்டளை சொல்லுது. ஆரம்பிக்கிற கட்டளை மட்டும் ஓடுதுங்குது. ஆனா அது ஏன்னா...”

“இரு, இரு. ஒண்ணு ஓடுதுன்னு சொல்லுதா?”

“சொல்லுது மேடம், ஆனா...”

“ஒண்ணு நல்லதா சொல்லுது, ஒண்ணு கெட்டதா சொல்லுது. நாம ஏம்மா கெட்டதப் புடிச்சுத் தொங்கணும்? ஓடுதுன்னே வெச்சுப்போம்.”

மேடம் எழுந்து செடிகளுக்கு மேலே தலையை நீட்டி, வரிசையில் நின்றவர்களிடம் அறிவித்தார். “சர்வர் ஓடுது. யாரும் கவலப்பட வேண்டாம்.”

முன்னால் நின்ற தடித்த மனிதர், “அப்ப எங்கண்ணனுக்கு நம்பர் குடுத்துடுங்க மேடம். குடல்வால். துடிக்கிறான்” என்றார்.

“ஓடிட்டிருக்குன்னு சொல்றேன்ல? ஓடிட்டிருக்கிறப்ப எப்படி நம்பர் குடுக்கும்? ஒரு எடத்துல நின்னாதானே குடுக்க முடியும்?”

மனிதர் யோசித்தார். பதிலில் எங்கோ ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. வரிசையிலேயே நின்றார்.

கமாண்டின் ஃபோன் அடித்தது. அம்மா.

“என்னடி, உன் மிஷினு எந்திரிச்சுதா இல்லையா?”

“பாத்துட்டிருக்கேன்மா.”

“நீ பாத்துட்டே இரு. இங்க பக்கத்து பெட்டுக்காரி டீயில பிஸ்கட்ட முக்கி முக்கித் தின்னுட்டிருக்கா. அவளுக்கும் நம்பர் வரணும், போன வாரத்துலேர்ந்து வரல. இனிமே எங்க வரப்போகுதுன்னு திங்க ஆரம்பிச்சுட்டா. அதுவும் வேணும்னே மெதுவா முக்கறா. பிஸ்கட்டு கரைஞ்சு விழறதுக்குள்ள வாயில போடறா பாரு, அந்த சாமர்த்தியம்...”

“அம்மா, வலி இருக்கா?”

“பசி இருக்கு. வலியெல்லாம் அதுக்கு பயந்துக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கு.”

மேடம் அவளைத் துணை இயக்குநரிடம் அனுப்பினார். துணை இயக்குநர் இது கொள்கை சம்பந்தப்பட்டது என்று சொல்லி இயக்குநரிடம் கூட்டிப்போனார். இயக்குநர் சட்ட அலுவலரைக் கூப்பிட்டனுப்பினார். மேடமும் செடிகளை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். இப்படியாகக் கூட்டம் கூடிவிட்டது. கம்பளம் விரித்த அறை. கமாண்டுக்கு நாற்காலி இல்லை, கதவோரம் நின்றாள்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யோசிக்கப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“ஓடுதா, ஓடலையாங்கறது அப்புறம். மொதல்ல, ஓடறதுன்னா என்ன?”

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று சட்ட அலுவலர் ஆச்சரியப்பட்டார்.

“ரெண்டு கட்டளையும் வாரியம் வாங்கினதுதான்” என்றார் அவர். “ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு பொய். பொய் சொல்ற கட்டளைய யாரு வாங்கினாங்கன்னு கேள்வி வரும். அதனால ரெண்டும் உண்மை.”

“யாரு வாங்கினது?” என்றார் மேடம்.

“நான்” என்றார் இயக்குநர்.

“ரெண்டும் உண்மைதான்” என்றார் மேடம்.

சர்வர் ஓடாத நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கூட்டம் ஏகமனதாக முடிவு செய்தது. எல்லோருக்கும் டீ வந்தது. கமாண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். யாரும் திரும்பவில்லை. இன்னொருமுறை செருமினாள். அவள் இருமுகிறாள் என்று நினைத்து மேடம் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

“சார், ஒரு சின்ன கோப்புதான். அத அழிச்சா போதும்” என்றாள்.

அறையில் ‘அழிச்சா’ என்ற சொல் மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. இயக்குநர் தம் சுற்றுலாப் படங்களை நினைத்துக்கொண்டவர்போல் கண்ணை மூடினார்.

“அது வெறும் அடையாளம் சார். ஆளு போயிட்டாங்க, அடையாளம் மட்டும் இருக்கு.” எப்படிச் சொன்னால் புரியும் என்று சுற்றிலும் பார்த்தாள். “எப்படின்னா... நம்ம துணை இயக்குநர் சார் நாற்காலியில கோட்டு தொங்குதில்ல, அந்த மாதிரி.”

டீக்கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

இங்கே வாரியத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாற்காலி முதுகில் கோட்டு தொங்கினால் அதிகாரி அலுவலகத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் வங்கியில் இருக்கலாம், முடிவெட்டுகிற கடையில் இருக்கலாம், மைத்துனர் வீட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். கோட்டு இருந்தால் அவர் இருக்கிறார். ‘சார் சீட்லதான் இருக்காரு, இப்ப எங்கயோ எழுந்து போனாரு’ என்று உதவியாளர் சொல்வார். அது பொய்யும் ஆகாது. இது எங்கும் எழுதப்படாத விதி. அதனாலேயே யாரும் மீறாத விதி. ஆகவே எல்லா அதிகாரிகளிடமும் இரண்டு கோட்டுகள் இருந்தன: ஒன்று உடம்புக்கு, ஒன்று நாற்காலிக்கு. நாற்காலிக் கோட்டுதான் நல்ல கோட்டு. இயக்குநரிடம் மூன்று. கிளை அலுவலகத்தையும் அவர்தான் கவனித்துக்கொள்கிறார்.

துணை இயக்குநர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கவனிச்சீங்களா? ஆள் இல்லையாம். அதனால கோட்ட எடுத்து வெளிய போட்டுடணுமாம்.”

“நான் அப்படிச் சொல்லல சார்...”

“இன்னிக்கு சர்வரோட கோட்டு. நாளைக்கு?”

“நாளைக்கு யாரோடது?” என்று சட்ட அலுவலர் தம் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இயக்குநர் எழுந்து நின்றார். அவருடைய குரல் மேடைக்குப் போய்விட்டது. “ஒரு நிறுவனத்தின் நாகரிகம் எதில் இருக்கிறது? இருக்கிறவர்களை மதிப்பதிலா? அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். இல்லாதவர்களை, இருப்பதாக நினைத்து மதிக்கிறோமே, அதில் இருக்கிறது! நான் இந்த வாரியத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு கோட்டைக்கூட யாரும் தொட விட்டதில்லை.” பின் மேடைப் பேச்சிலிருந்து கீழே இறங்கி, “அழிக்கறதுக்கு அனுமதி கிடையாது. சர்வர் தானா வந்து எடுத்துக்கட்டும்” என்றார்.

“வராது சார்” என்றாள் கமாண்டு.

“நோட்டீஸ் குடுத்தா வரும்” என்றார் சட்ட அலுவலர்.

நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்னறிவிப்பின்றிப் பணியை விட்டு அகன்றதற்கும், அகலாமல் இருப்பதற்கும் தனித்தனியாக விளக்கம் கேட்டு, சர்வருக்கே மின்னஞ்சல் போயிற்று. பெறுநர் பதிலளிக்கவில்லை என்று திரும்பி வந்தது. பெறுநர் இருக்கிறார், பதிலளிக்கத்தான் இல்லை என்பதை அஞ்சலே ஒப்புக்கொள்கிறது என்று சட்ட அலுவலர் அதைக் கூட்டத்துக்குப் படித்துக்காட்டினார். பிறகு நோட்டீஸைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சர்வர் இருக்கிற குளிர் அறையின் கண்ணாடிக் கதவில், எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி ஒட்டினார்கள். சர்வர் படிக்க வேண்டும் அல்லவா?

ஃபோன் அடித்தது.

“டாக்டர் கடிகாரத்தப் பாத்துட்டாருடி. இனிமே அடுத்த மாசம்தான்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டாரு.”

இன்னொரு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா குந்துகிற இரவுகள். “போயிட்டாராம்மா?”

“எங்க போவாரு? அவரு கண்ணாடி என் தலகாணிக்கு அடியில இருக்கு.”

“அம்மா!”

“கத்தாதடி. வயித்த அமுக்கிப் பாக்கறேன்னு குனிஞ்சப்ப பெட்டு மேல வெச்சாரு. நான் பத்திரமா எடுத்து வெச்சேன். வார்டெல்லாம் தேடிட்டிருக்காரு. அது இல்லாம ரயில் நம்பர்கூட படிக்க முடியாதாம், பாவம். ஆமா, அங்க என்னதான் தகராறு?”

கமாண்டு படிக்கட்டுக்கு அடியில் நின்றுகொண்டு சொன்னாள். அம்மாவுக்கு எது புரிந்ததோ இல்லையோ, ஒரு சாமான் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதைத் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்கள் என்பது புரிந்தது.

“இதுக்கா இந்தப் பாடு? இங்கயும் காலையில தெரியாம எனக்கும் சாப்பாட்டுத் தட்டு வெச்சுட்டாங்க. எடுத்துட்டுப் போம்மான்னா, வெக்கறதுதான் என் வேல, எடுக்கறது வேற ஆளுங்கறா. மூக்குக்கு நேரா வாசன. நான் என்ன அவகூட சட்டமா பேசிட்டிருந்தேன்? பக்கத்து பெட்டுக்குத் தள்ளிவிட்டேன். தூக்கிப்போட்டாதானே கேள்வி? நகத்தி வெச்சா யாரு கேக்கறா?”

கமாண்டு ஃபோனை வைத்தாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக, இரண்டிரண்டு படிகளாக ஏறினாள்.

“சார், அழிக்க வேண்டாம்” என்றாள், மூச்சு வாங்க. “இடமாற்றம் பண்ணிடலாம்.”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பசித்தவன் காதில் தட்டுச் சத்தம் விழுந்ததுபோல் அறையே கலகலப்பாகிவிட்டது.

ஏனென்றால் வாரியத்தில் ஒரு சிகிச்சை எண்ணுக்கு நாள்கணக்கில் ஆகும். இடமாற்றத்துக்குப் பேனா மூடியைத் திறக்கும் நேரம்தான். அதில் அவர்களுக்கு இருந்த கைத்திறன் வேறு எதிலும் இல்லை.

“இத ஏம்மா காலையிலேயே சொல்லல?” என்றார் மேடம். “என்ன என்ன ஃபோல்டர் காலி இருக்கு?”

“எங்க வேணா போடலாம் மேடம். இந்த எடத்துல இல்லாம இருந்தா போதும்.”

“எங்க வேணா போடலாமா?” துணை இயக்குநரின் முகம் சிவந்தது. “என்னையும் அப்படித்தான் சொல்லி மேல் மாடியிலேர்ந்து கீழ இறக்கினாங்க. ஜன்னல்கூட இல்ல. இது மட்டும் நல்ல எடமா பாத்துப் போகணுமா? மோசமான எடமா எது இருக்கு?”

“தற்காலிகம்னு ஒரு ஃபோல்டர் இருக்கு சார். அங்க போறத யாரும் எட்டிப் பாக்கறதில்ல. அப்பப்ப தானா காணாமப் போயிடும்.”

“அங்கயே போடுங்க” என்றார் துணை இயக்குநர், வெகுநாள் கடன் தீர்ந்தவர்போல.

நிர்வாகக் காரணங்களுக்காக, பூட்டுக் கோப்பைத் தற்காலிகத்துக்கு மாற்றி உத்தரவு தயாரானது. கமாண்டு கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

“எங்க போற?” என்றார் இயக்குநர். “பிரிவுபசாரம்?”

“சார்?”

“இந்த வாரியத்துலேர்ந்து யாரையாவது பிரிவுபசாரம் இல்லாம அனுப்பியிருக்கோமா? அனுப்பறது நாமதான். அதனால நாமதான் அழணும்.”

குளிர் அறைக்கு முன்னால் நாற்காலிகள் போட்டார்கள். பூங்கொத்து வந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசாக வந்தது. பிரிவுபசாரங்களுக்கென்று கிடங்கில் எப்போதும் அடுக்கி வைத்திருப்பார்கள். கோப்பின் படம் வேண்டும் என்று மேடம் கேட்டதால், கமாண்டு அதன் பெயரை மட்டும் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். வரிசையில் நின்ற நோயாளிகளின் உறவினர்களும் மேலே வந்தார்கள், கைதட்ட ஆள் வேண்டும் என்று சொன்னதால். குடல்வால்காரரின் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்து, “யாருங்க ரிட்டையர் ஆறாங்க?” என்று கமாண்டிடம் கேட்டார்.

இயக்குநர் பேசினார்.

“இந்தக் கோப்பு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஒருநாளும் விடுப்புக் கேட்டதில்லை. ஒருநாளும் எந்த வேலையும் செய்ததில்லை. ஆனால் இருந்தது! சர்வரே போன பின்னும் இருந்தது! இருப்பதுதான் சேவை, நண்பர்களே. வேலை செய்கிறவன் ஒருநாள் தவறு செய்துவிடுவான். இருக்கிறவன் தவறே செய்வதில்லை. நேற்று இரவிலிருந்து ஓர் எண்கூட வெளியே போகவிடாமல், தனி ஒருவனாக இந்த வாரியத்தை நிறுத்தி வைத்ததே, இந்த ஆற்றல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கே நான்கு பேர் உதவி தேவைப்படுகிறது.”

பலத்த கைதட்டல். துணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்ட அலுவலர், கோப்பு எதிர்ப்புத் தெரிவிக்காததால் இடமாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும் என்று சுருக்கமாகப் பேசினார். மேடம் ஒரு பாட்டுப் பாடுவதாகச் சொல்லி எழுந்து, சுருதி தேடி ‘ம்ம்ம்’ என்று இழுத்தார்.

கமாண்டின் கையில் ஃபோன் அதிர்ந்தது. அம்மாவிடமிருந்து ஒரே வரிச் செய்தி: ‘தலகாணிய ஒதற வராங்க.’

“சார்! பாஸ்வேர்டு!” என்றாள்.

அது கத்தல் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. மேடத்தின் ‘ம்ம்ம்’ பாதியில் நின்றது. இயக்குநர் திடுக்கிட்டு எழுந்து வந்து விசைப்பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் அப்படி யாரும் பேசி அவருக்குப் பழக்கமில்லை, ஆகவே கீழ்ப்படிந்துவிட்டார்.

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இயக்குநர் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். ‘இயக்குநர்’ என்று கடைசி வரிசைவரை கேட்டது.

‘கடவுச்சொல் தவறு’ என்றது திரை.

மறுபடி அடித்தார். மறுபடி தவறு.

“நான் இயக்குநராகி எவ்வளவு நாளாச்சு! இதுக்கு இன்னும் தெரியலையா?”

“சார்,” என்றாள் கமாண்டு மெதுவாக, “அத வெச்சப்ப நீங்க என்னவா இருந்தீங்க?”

இயக்குநர் பின்னால் திரும்பிப் பார்த்தார். துணை இயக்குநர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. இயக்குநர் கையால் வாயை மறைத்துக்கொண்டு ‘துணை இயக்குநர்’ என்று அடித்தார். ஃபோல்டர் திறந்தது.

கமாண்டு கோப்பைத் தற்காலிகத்துக்கு நகர்த்தினாள். தொடங்கும் கட்டளையை அடித்தாள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. புள்ளிகளுக்குப் பிறகு, ‘சர்வர் தொடங்கிவிட்டது’ என்று வந்தது. கீழே அச்சு இயந்திரம் இருமிக்கொண்டு எண்களைத் துப்ப ஆரம்பித்தது. “எங்கண்ணன்! எங்கண்ணன்!” என்று தடித்த மனிதர் படிகளில் உருண்டார். மேடம் விட்ட இடத்திலிருந்து பாடினார். யாரும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். நர்ஸ் எடுத்தாள். “நம்பர் வந்துடுச்சு. உங்கம்மாவ உள்ள கொண்டுபோயாச்சு. போகும்போது டாக்டருக்கு கண்ணாடியும் எடுத்துக் குடுத்தாங்க. அதிசயம், நாங்க தேடாத எடமில்ல.”

கமாண்டு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. மறுநாள் துணை இயக்குநர் அவள் மேசைக்கு வந்தார். அவர் வந்ததே அதிசயம். கோட்டு இல்லாமல் வந்தார்.

“நேத்து அனுப்பினோமே, அது எப்படி இருக்கு? போய் சேர்ந்துடுச்சா?”

தற்காலிகம் ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். கோப்பு அங்கே இருந்தது. அவர் திருப்தியோடு தலையாட்டி, “பழைய எடம் இப்ப காலியாத்தானே இருக்கு?” என்று அதையும் திறக்கச் சொன்னார்.

அங்கே, அதே பெயரில், அதே அளவில், பூட்டுக் கோப்பு இருந்தது.

துணை இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அது புதுசு சார். சர்வர் எழுந்ததும் திரும்ப எழுதிடும். எப்பவும் அப்படித்தான்.”

“எப்ப வந்துச்சு?”

“நேத்தே. சர்வர் எழுந்த உடனே.”

“உடனே.” அவர் அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சுவைத்தார். “உத்தரவு போட்டு, அழுது, கடிகாரம் குடுத்து அனுப்பியிருக்கோம். கை தட்டின சூடு ஆறல. அங்கயும் இருக்கு, இங்கயும் வந்து உக்காந்திருக்கு. அதே எடத்துல!” குரலைத் தாழ்த்தினார். “நான் மேல் மாடிக்குத் திரும்ப எத்தன வருஷமா அலையறேன் தெரியுமா? நீ மறைக்காத. யாரப் புடிச்சு வந்துச்சு?”

கமாண்டுக்குப் பொய் சொல்ல வராது. நேற்று காலையிலிருந்து இந்தச் சர்வரை எழுப்பச் சொல்லி விடாமல் நச்சரித்தது யார், வழி சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தாள்.

“எங்கம்மாதான் சார்” என்றாள்.

துணை இயக்குநரின் புருவம் ஏறியது. இத்தனை நாளாக இந்த வாயில்லாப் பூச்சியை யார் வேலையில் சேர்த்திருப்பார்கள், நேற்று இயக்குநரையே அதட்டும் தைரியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் அவருக்கு ஒரே நொடியில் விடை கிடைத்துவிட்டது.

“அம்மா இப்ப எங்க இருக்காங்க?”

“ஆஸ்பத்திரியில சார்.”

“எந்த வார்டு?”

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கமாண்டு வார்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஆப்பிள் பைகள் இருந்தன. துணை இயக்குநர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்ட அலுவலர் கால்மாட்டில் நின்றார். மேடம் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். வலி மருந்தின் மயக்கத்தில் அம்மா பாதிக் கண்ணைத் திறந்து, ஒரு பிஸ்கட்டை டீயில் மிக மெதுவாக முக்கிக்கொண்டிருந்தாள்.

“மேல் மாடி, ஜன்னல் பக்கம். வேற ஒண்ணும் கேக்கலம்மா” என்றார் துணை இயக்குநர்.

“பாக்கலாம்” என்றாள் அம்மா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய இடத்துப் பேச்சு வேறு எப்படி இருக்கும்?

இயக்குநர் யார் கண்ணிலும் படாமல் பின்படிக்கட்டு வழியாக வந்தார். மற்ற மூவரையும் பார்த்ததும் திரும்பிப் போக முயன்றார், முடியவில்லை. கிளை அலுவலகத்தை நிரந்தரமாகத் தம் பெயரிலேயே விட்டுவிட வேண்டும் என்று அம்மாவின் காதோரம் குனிந்து சொன்னார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதான் நம்பர் குடுக்கற எடத்துக்குப் பெரியவரா?”

“ஆமாம்மா.”

“இந்த பக்கத்து பெட்டுப் பொம்பளைக்குப் போன வாரத்துலேர்ந்து நம்பர் வரல. மொதல்ல அதக் குடுங்க. அப்புறம் உங்களுதப் பாக்கலாம்.”

இயக்குநர் அங்கேயே ஃபோனை எடுத்தார். அவர் மாடிப்படி இறங்குவதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கு எண் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் அந்தப் பெண் கையிலிருந்த பிஸ்கட்டை டீயில் கரைய விட்டுவிட்டாள்.

செய்தி வார்டு விட்டு வார்டு பரவியது. அடுத்தடுத்த நாட்களில் எலும்புப் பிரிவிலிருந்து கட்டுப் போட்ட காலோடு வந்தார்கள், கண் பிரிவிலிருந்து கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். கட்டிலின் ஒரு பக்கம் எண் வேண்டியவர்கள், மறுபக்கம் இடம் வேண்டிய அதிகாரிகள். அம்மா இந்தப் பக்கத்துப் பெயரை அந்தப் பக்கம் சொல்வாள். அந்தப் பக்கம் ஃபோனை எடுக்கும். யாருக்கும் இடமாற்றம் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் வழியில்லை. ஆனால் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இத்தனை எண்கள் இத்தனை சீக்கிரம் வெளியே போனதில்லை.

“அம்மா, இது தப்பும்மா. அவங்க எல்லாம் நீ யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சுட்டிருக்காங்க” என்றாள் கமாண்டு, காதோடு காதாக.

“நான் எங்கயாவது அப்படிச் சொன்னேனா? பாக்கலாம்னுதானே சொன்னேன்? பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

எண்கள் இப்படி வந்துகொண்டே இருந்ததால் ரயிலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட டாக்டர் அப்போது வந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தையலைப் பார்த்தார். “நல்லா ஆறிடுச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

கட்டிலின் இரண்டு பக்கமும் முகங்கள் வாடின. சக்கர நாற்காலியில் வந்திருந்த பெரியவர் ஒருவர் தன் முறைக்காக இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், வாசல்வரை நின்ற வரிசையைப் பார்த்தாள், அதன் கடைசியில் ஆப்பிள் பையோடு ஒளிந்து நின்ற இயக்குநரைப் பார்த்தாள். பிறகு தலையணையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னமோ தெரியல டாக்டர்,” என்றாள், “இன்னும் ஒரு வாரம் வலிக்கும்போல இருக்கு.”